அக்கா தனி வாசித்த சாயங்காலம்

டில்லி ஆர்.கே.புரத்தில் நிக்கர் போட்டுத் திரிந்தவர்களே, இன்று மாடிப்படி ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பவர்களே, எல்லோரும் சௌக்கியம்தானா? பெயர் சொன்னால் என்னை உங்களுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் முதலில் உங்களோடு படித்தேன். அடுத்த வருடம் உங்கள் தம்பிகளோடு படித்தேன். அதற்கும் அடுத்த வருடம் உங்கள் கடைசித் தங்கைகளோடு உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு, புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுவதையே நிறுத்திவிட்டேன். அப்புறம் கூலர் ரிப்பேர். உங்களில் பலர் வீட்டுக் கூலரை நான் பிரித்து மாட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணீர் ஒழுகியிருந்தால் அதுவும் என் கைவேலைதான். இன்னும் பிடிபடவில்லை என்றால், டிரம்ஸ் வாசிக்கிற அக்காவின் தம்பி. இப்போது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். சங்கீதம் மொத்தத்தையும் மூத்த இரண்டு பேரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் வந்து பார்த்தபோது மிச்சம் இருந்தது பசி மட்டும்தான். குறை சொல்லவில்லை, அதை நன்றாகவே வளர்த்தேன்.

அப்பா ராணுவ ஸ்டோரில் கிளார்க். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் வேலையை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். கூடாரம், கரண்டி, பூட்ஸ், பாண்டு வாத்தியம் என்று எது பழசானாலும் அப்பா பட்டியல் எழுதுவார். மூன்று ஆபீசர்கள் ஒரு போர்டாக உட்காருவார்கள். பொருளைப் புரட்டிப் பார்த்து, ‘ஆகும்’ அல்லது ‘ஆகாது’ என்பார்கள். அப்பா அதை ரிஜிஸ்டரில் எழுதுவார். எத்தனையோ வருடம் இதையே செய்து செய்து, எதையும் தனியாக முடிவு செய்யும் பழக்கம் அவருக்குப் போயே போய்விட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கினால்கூட, முற்றலா இல்லையா என்று பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத மனிதரிடம் நீட்டிக் கேட்பார்.

‘ஆகாது’ என்று தள்ளியது ஏலத்தில் போய்க் கடைசியில் கபாடி என்கிற பழைய சாமான் கடைக்கு வரும். அங்கேயிருந்துதான் ஒரு நாள் அப்பா ஒரு கிளாரினெட்டும், பாண்டுக்காரர்கள் கழுத்தில் மாட்டி அடிக்கிற ஒரு டிரம்மும் தூக்கிக்கொண்டு வந்தார். கிளாரினெட், அண்ணனின் இளைப்புக்கு. ஊதினால் மூச்சு பலப்படும் என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாம். டிரம், அம்மா வெங்காயம் போட்டு வைக்க. ஒரு பக்கத்துத் தோல் கிழிந்திருந்தது, கவிழ்க்காமலே கொட்டி வைக்கலாம். பித்தளை வளையத்தில் ராணுவ முத்திரை குத்தியிருக்கும். அதைத் தடவினால் விரலில் பச்சை ஒட்டும், மோந்தால் வெங்காய வாடை வரும்.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. அதோடு ராத்திரி ரேடியோவில் சிற்றலையில் கேட்ட வெளிநாட்டுப் பாட்டும் வந்தது. அக்கா வெங்காயத்தைக் காலி செய்துவிட்டு, டிரம்முக்குத் தோல் மாட்டச் சொல்லி அழுது சாதித்தாள். கன்னாட் பிளேஸில் ஒரு ரெஸ்டாரண்டில் சாக்ஸபோன் வாசித்த கோவாக்காரர் ஒருவர் அண்ணனைக் கேட்டுவிட்டுத் தன் பழைய சாக்ஸபோனையே அவனிடம் கொடுத்தார். பத்தொன்பது வயதில் அண்ணன் பம்பாய்க்குப் போனான். ஓட்டலில் ஜாஸ் வாசிக்கிற வேலை. இரண்டு வருடம் கழித்து அவனுடைய குழுவில் டிரம்ஸ்காரர் விலகிக்கொள்ள, அக்காவை அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினான். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. மாட்டுங்காவில் சித்தி வீடு இருந்ததால் அப்பா சம்மதித்தார். ‘ஒரே ஒரு வருசம்’ என்று சித்திக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டுச் சம்மதித்தார்.

அந்த ஒரு வருடம் முடிந்த மாசியில்தான் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

வந்த அழகைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் உயரக் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறது, மரத்தில். அவர்களோடு வந்த பம்பாய்க்காரர் வாசிக்கிற பாஸ் என்கிற வாத்தியம் அது. வயலின் சாப்பிட்டுச் சாப்பிட்டு இப்படி ஆகிவிட்டது மாதிரி இருக்கும். எல்லா பால்கனியிலும் மாமிகள்.

“என்னடா அது, பொணமா?” என்று மூன்றாம் மாடி மாமி கேட்டாள்.

“இல்ல மாமி, வீணையோட பெரியப்பா” என்றேன்.

அக்கா டாக்ஸியிலிருந்து இறங்கினாள். முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைக் கிளறினாள். அக்கா என் தலையில் குட்டி, “ஏல, என்ன இப்படி மஞ்சளா இருக்க?” என்றாள். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து தேறியிருந்தது. மூன்று மாதத்துக்கு எண்ணெய்ப் பண்டம் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தொட்டால் பெல்ட் என்பது அப்பா உத்தரவு. ஜுர வேகத்தில் கிடந்ததைவிடத் தேறிய பிறகுதான் நான் அதிகம் துன்பப்பட்டேன்.

மறுநாள் காலை சாப்பிடும்போது அண்ணன் விஷயத்தைச் சொன்னான். ஹாங்காங்கில் ஒரு ஓட்டல். ஆறு மாத வேலை. மூன்று பேரையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். “ஒரு வருசம்னு சொன்னேம்லா?”

“சொன்னீங்க. ஆனா இது...”

“பிலாயிலேருந்து கடிதம் வந்திருக்கு. மாப்பிள்ளை ஸ்டீல் பிளான்ட்ல இன்ஜினியரு. ஊர்ல எல்லாரும் கேக்குதாக. பொம்பளப் பிள்ள ஓட்டல்ல கொட்டு அடிக்காளாமேன்னு கேக்குதாக. நான் என்னத்தச் சொல்ல?”

“நல்லா அடிக்கான்னு சொல்லுங்க” என்றான் அண்ணன்.

“நல்லா அடிக்காளா இல்லையான்னு எனக்கு எப்படிலே தெரியும்?”

நியாயமான கேள்விதான். அப்பாவுக்குத் தெரியாது. அக்கா அப்பா பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, நான் போகணும்ப்பா. இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் வராது. என்ன செஞ்சா விடுவீங்க?”

அப்பா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார்.

“நம்ம செக்டர் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா வருது. நான் செக்ரட்டரிகிட்டப் பேசுதேன். அங்கன வாசிங்க. எல்லாம் படிச்ச சனம், பாட்டு தெரிஞ்ச சனம். அவுக உக்காந்து கேட்டாகன்னா நீ போய்க்கோ, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். எந்திரிச்சுப் போய்ட்டாகன்னா, பிலாயி. சரியாட்டி?”

“அரே, அவங்களுக்கு ஜாஸைப் பத்தி என்னப்பா தெரியும்?” என்று அண்ணன் குதித்தான்.

“போர்டுன்னா போர்டுதாம்லே.”

“சரிப்பா” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள். பம்பாயில் மேஜைக்கு மேஜை முள்கரண்டி சத்தம் போடுகிறவர்களுக்கு வாசித்துப் பழகியவள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிற கூட்டம் என்றால் ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தாள்.

பத்து நாள் மொட்டை மாடியில் பயிற்சி. வெயிலில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளைக் காயப்போட்டிருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து அக்கா டிரம்முக்குள் திணித்து, சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள். நான் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடலை எண்ணெய்ப் பண்டம் இல்லை என்பது என் வாதம்.

“ஒரே பாட்டைத் தினமும் வேற வேற மாதிரி வாசிக்கீங்களே, மறந்து போச்சா?” என்று கேட்டேன்.

அக்கா குச்சியால் என் முட்டியில் தட்டினாள். “மொதல்ல எல்லாரும் சேந்து பாட்டை வாசிப்போம். அப்புறம் ஒவ்வொருத்தரா, அந்த நேரத்துக்கு மனசுல என்ன வருதோ அதை வாசிக்கணும். மத்தவங்க தாங்கிப் பிடிப்பாங்க. கடைசியில எல்லாரும் திரும்பப் பாட்டுக்கு வந்துருவோம். தெரிஞ்சுதா?”

தெரிந்தது. எனக்கே ஆச்சரியம். ஏனென்றால் இதை நான் ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்திருந்தேன். சங்கத்துக் கர்நாடகக் கச்சேரி ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. சங்கீதத்துக்காக இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கேண்டீன் போண்டாவுக்காக. ஆனால் போண்டாவுக்குக் காத்திருக்கிற நேரத்தில் காதை மூடிவைக்க முடியாதே. ஆலாபனை, பல்லவி, ஸ்வரம், மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் எல்லாம் போண்டாவுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிற மைல்கல்லாக எனக்கு மனப்பாடம்.

விழா அன்று சாயங்காலம் நம்முடைய சின்ன மைதானத்தில் ஷாமியானா. டென்ட்காரரின் மடக்கு நாற்காலிகள், உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளுமே, அவைதான். மேடையில் காகிதத் தோரணம். பின்னால் கேண்டீன். குளிர் இன்னும் போகவில்லை, எல்லோரும் ஸ்வெட்டர். வேட்டிக்கு மேலே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு ராகம் கேட்கிற கூட்டம் உலகத்தில் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நாலாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்தார். சங்கத்துக் கச்சேரிக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் சாமி கும்பிடுவார், அதோடு சரி. என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, “அசையக்கூடாது” என்றார். இரண்டு நிமிடத்தில் செக்ரட்டரி மாமா வந்து என் கையைப் பிடித்தார். தஞ்சாவூர்க்காரர். சங்கத்தில் மைக்கும் சாவியும் அவரிடம்தான்.

“டேய் அம்பி, முன்னாடி வா. உங்காத்துல என்னத்தை வாசிக்கப் போறான்னு எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆரம்பிச்சப்புறம் பக்கத்துல இருந்து சொல்லு.”

அப்பா தலையசைத்தார். பெருமையாகத்தான் இருந்திருக்கும். அவருடைய கடைசிப் பிள்ளைக்கும் ஒரு விஷயம் தெரியும் என்று ஒருவர் நம்பியது அன்றுதானே. முதல் வரிசையில் செக்ரட்டரி மாமாவுக்கும் மூன்றாம் மாடி மாமிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

ஆரம்பித்தார்கள். அண்ணன் சாக்ஸபோன், பம்பாய்க்காரர் பாஸ், பின்னால் அக்கா. பம்பாயிலிருந்து கொண்டுவந்த முழு டிரம்ஸ் செட்டில் நடுவே அந்தப் பழைய ராணுவ டிரம். பச்சைப் பட்டுப்புடவை அம்மா கட்டிவிட்டது. புடவையை முட்டிக்கு நடுவில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாட்டு முடிவதற்குள் மாமா நெளிந்தார். “என்னடா, பாட்டு எங்க போச்சு? உங்கண்ணா பாட்டுக்கு எங்கியோ போயிண்டிருக்கான்.”

“மாமா, பாட்டு பல்லவி மாதிரி. அது முடிஞ்சுபோச்சு. இப்ப அண்ணன் கல்பனாஸ்வரம் போடுறான்.”

மாமா என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். தொடையில் கை தானாக விழுந்தது. “அட, ஆமாம். ஆதி தாளம்தான். சௌக்கியமா நிக்கறதே!” பக்கத்து மாமாவிடம் திரும்பினார். “ஸ்வரம்ங்காணும். கவனியும்.” அவர் பின் வரிசைக்குச் சொன்னார். இரண்டாவது பாட்டு வருவதற்குள் ஷாமியானா முழுக்க விஷயம் பரவிவிட்டது. நூறு கை ஆதி தாளம் போட்டது. அண்ணன் ஒரு இடத்தில் ஏறி இறங்கித் திரும்பப் பாட்டில் வந்து விழுந்தான். “பேஷ்!” என்று ஒரு குரல். “சபாஷ்!” என்று இன்னொன்று. வாசிப்புக்கு நடுவில் யாரும் தனக்குப் பேஷ் சொல்லி அண்ணன் கேட்டதில்லை. சிரிப்பு வந்து வாய் நழுவி, சாக்ஸபோன் வாத்து மாதிரி ஒரு தடவை கத்தியது. அதற்கும் பேஷ்.

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நிறைந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்றைக்கு யோசித்தால் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. போர்டு ‘ஆகும்’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் அந்த மனிதர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டு. அண்ணன் வாசித்து முடித்தான், பாஸ்காரர் வாசித்து முடித்தார். இரண்டு பேரும் வாத்தியத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அக்கா மட்டும். குச்சி நுனியால் தோலைத் தடவுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

“இது என்னடா?” என்றாள் மூன்றாம் மாடி மாமி.

“தனி ஆவர்த்தனம், மாமி” என்றேன்.

அவ்வளவுதான். தனி என்றால் நம் சபாவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மாமி கைப்பையை எடுத்தாள். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “பொண்ணு அமர்க்களமா ஆரம்பிச்சிருக்கா. ஒரு காபி சாப்பிட்டுண்டே கேக்கலாம், வா.” வரிசை வரிசையாக எழுந்தார்கள். கோபமில்லை, வெறுப்பில்லை. முழுத் திருப்தியோடு, தலையை ஆட்டிக்கொண்டு, தாளம் தப்பாமல் நடந்து போனார்கள்.

நானும் போனேன். அந்த எண்ணெய் வாசனை அப்படி. அப்பா பின்னால் இருக்கிறார் என்பது மறந்துபோய்விட்டது. கேண்டீன் வரிசையில் நான் இரண்டாவது ஆள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாய்க்குள் போன முதல் போண்டா. உள்ளே மிளகு வெடித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஷாமியானாவுக்குள்ளிருந்து அக்காவின் டிரம் சத்தம் வந்துகொண்டிருந்தது, முதலில் தூறல் மாதிரி, பிறகு தகரக் கூரையில் கல் மழை மாதிரி. வரிசையில் நின்றவர்கள் காபி டம்ளரில் விரலால் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன கை, என்ன கை!” என்றார் செக்ரட்டரி மாமா, வாயில் போண்டாவோடு. “மிருதங்கம் கத்துண்டிருந்தா இவளை அடிச்சிக்க ஆள் கிடையாதுங்காணும்.”

நான் நிமிர்ந்து நின்றேன். எங்கள் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று இன்னும் இரண்டு போண்டா எடுத்தேன்.

காபி முடிந்து எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். செக்ரட்டரி மாமா பொன்னாடை போர்த்தினார். மைக் செட் போட்ட பஞ்சாபி பையா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “பாபுஜி, பேட்டி நே கமால் கர் தியா” என்றார். பொண்ணு அசத்திவிட்டாள் என்றார்.

“அச்சா” என்றார் அப்பா.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அண்ணன் கேட்டான். “என்னப்பா, பாத்தீங்கல்லா? ஒரே கைதட்டு.”

“பாத்தேன். அவ ஒருத்தி தனியா அடிக்கையில பாத்தேன். நானு, உங்கம்மா, மைக் பையா. மூணு பேரு. மத்த நாற்காலி பூராம் காலி.” சற்று நடந்துவிட்டு, “கூடப் பொறந்தவனே உக்காரல” என்றார்.

பாஸை நாலு பேர் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அக்கா அப்பாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா கையில் பேப்பர்.

“சபாவுல அப்படித்தாம்ப்பா. தனின்னா எல்லாரும் காபி குடிக்கப் போவாங்க. அது வழக்கம்ப்பா. செக்ரட்டரி மாமாகிட்ட வேணா கேளுங்க.”

“நல்லாருக்கே! நான் செக்ரட்டரிகிட்டப் போயி, ஐயா எம்மவ அடிக்கையில எந்திரிச்சுப் போனீங்களே, புடிக்காமயா, காபிக்கான்னு கேக்கவா? மூஞ்சிக்கு நேரா எவம்ட்டி புடிக்கலன்னு சொல்லுவான்? கொட்டுச் சத்தம் கேட்டா ஓடியாருவாக. எந்த ஊர்ல எந்திரிச்சுப் போவாக?”

“தம்பியக் கேளுங்க. அவன் எல்லாக் கச்சேரிக்கும் போறவன்.”

அப்பா பேப்பரை இறக்கினார். “ஏல, இங்கன வா. நீ சொல்லு. நேத்து அக்கா தனியா அடிக்கையில நீ எதுக்கு எந்திரிச்சுப் போன? நெசத்தச் சொல்லணும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அண்ணன் கதவுப் பக்கம் நின்று பார்த்தான்.

உங்களுக்கே தெரியும், எனக்குப் படிப்பு வராது, பாட்டு வராது. வந்தது ஒன்றே ஒன்று. அடி விழப்போகிற நேரத்தில் ஒரு ஜோக். அப்பா சிரித்துவிட்டால் பெல்ட் ஆணியிலேயே தொங்கும். எத்தனையோ தடவை பிழைத்திருக்கிறேன். அந்த நிமிடம் என் மண்டையில் இருந்தது ஹாங்காங் இல்லை, பிலாய் இல்லை. காபிக்குப் போனோம் என்று சொன்னால், நீ என்ன தின்ன என்று அடுத்த கேள்வி வரும். மூன்று போண்டா. பெல்ட்.

“அக்கா அடிச்ச அடில காது ரெண்டும் கழண்டு விழுந்துருச்சுப்பா” என்றேன். “அதான், பொறக்கி எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என்னை அடிக்கவும் இல்லை. பேப்பரை நாலாக மடித்தார். “சரி” என்றார். போர்டு சொன்னதை எழுதி முடித்தால் அவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன், மேலே வாதமே இல்லாத ஒரு சரி.

அண்ணன் கத்தினான். கையிலிருந்த தட்டை வீசினான். அக்கா அவனைத் தடுத்தாள். “நானும்தானே சரின்னு சொன்னேன், விடு” என்றாள். என் கையிலிருந்து பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். சமையலறையில் அம்மாவிடம் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

“பிலாயில குளிருமாம்மா?”

சித்திரையில் கல்யாணம். அண்ணன் வரவில்லை. வேறு ஒரு டிரம்ஸ்காரரைச் சேர்த்துக்கொண்டு ஹாங்காங் போனான், அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ. சில வருடம் கேசட் அனுப்பிக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத நேரத்தில் அம்மா அதைப் போட்டுக் கேட்பாள். அண்ணன் அந்தப் பக்கத்திலேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தான். அந்த டிரம்மை அக்கா பிலாய்க்குக் கொண்டுபோகவில்லை. அம்மாவுக்கு அதில் திரும்ப வெங்காயம் போட மனது வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அப்பா ரிடையரான பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தோமே, அந்தச் சாமான் ஏற்றுகிற அமளியில் எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்பா போன பிறகு ஒரு தடவை திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊருக்குப் போனேன். கோயில் கொடைத் திருவிழா. நாதஸ்வரக்காரர் வாயை எடுத்துவிட்டு ஒதுங்க, தவில்காரர் தனியாக ஆரம்பித்தார். டீக்கடையில் இருந்தவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தான். வளையல் கடைக்காரி கடையை விட்டு வந்தாள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டம் தவிலைச் சுற்றி நெருக்கியது. மூச்சு விட இடமில்லை. அந்த நெரிசலுக்கு நடுவில் நின்றபோதுதான் அன்றைக்கு அப்பா என்ன பார்த்தார் என்று எனக்கு உறைத்தது. கொட்டு ஆரம்பித்தால் ஜனம் ஓடி வருகிற ஊரில் பிறந்தவர், மகள் கொட்ட ஆரம்பித்ததும் ஷாமியானாவே காலியாவதைப் பார்த்தார். எந்தக் கச்சேரியில் என்ன வழக்கம் என்று தெரிந்து, அன்று மேடையில் இல்லாமல் கீழே உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான். அவர் என்னைத்தான் கேட்டார்.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு எழுபதை நெருங்குகிறது. அவள் வீட்டுக்காரர் இப்போது இல்லை. பிலாயில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி வலி, பேரன், பருப்பு விலை எல்லாம் பேசி முடித்தோம். போனை வைக்கப் போனவளை நிறுத்தினேன்.

“அக்கா, அன்னைக்குக் காலையில அப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டாருல்லா.”

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது. “ம்” என்றாள்.

“காதும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. போண்டா தின்னப் போனேன். பெல்ட்டுக்குப் பயந்துட்டேன். எல்லாரும் காபிக்குத்தாங்க்கா போனாங்க. வரிசையில நின்னு உன்னையத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. என்ன கை, என்ன கைன்னு.”

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“அதைத்தானல நானும் அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றாள். “நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு நின்னேன்.”

பழக்க தோஷத்தில் ஏதாவது ஜோக் வரும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

“ஆமாக்கா” என்றேன்.